மதுரை–போடி ரயில் பாதை: வந்த கதை, நின்ற கதை, இப்போது அதை வைத்து என்ன செய்யலாம்

கேட்டிருப்பது இது: மதுரை–போடி ரயில் எப்போது வந்தது, நடுவில் ஏன் இத்தனை வருஷம் இல்லாமல் போனது, இப்போது என்னென்ன வண்டிகள் ஓடுகின்றன, தேனியில் குடியிருந்துகொண்டு தினமும் மதுரைக்கு வேலைக்குப் போய்வர இந்த ரயிலை நம்பலாமா?

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நம்ப முடியாது. மதுரையில் வீடு, தேனியில் வேலை என்றால் இந்த ரயில் தோதாக இருக்கும். தேனியில் வீடு, மதுரையில் வேலை என்றால் தலைகீழ். தினசரிப் பயணிகள் ரயில் காலையில் மதுரையிலிருந்து கிளம்பிப் போடிக்குப் போகிறது, மாலையில்தான் போடியிலிருந்து திரும்புகிறது. கல்லூரிக்கு, ஆஸ்பத்திரிக்கு, கோர்ட்டுக்கு என்று காலையில் மதுரை நோக்கி வரும் கூட்டத்துக்கு இன்றும் பஸ்தான் கதி. ஏன் இப்படி என்பதைக் கடைசியில் பார்ப்போம்.

பாதை 1928இல் திறக்கப்பட்டது. அதற்கு முந்தைய நிலவரம் தெரிந்தால்தான் ரயில் ஏன் போடியோடு நின்றது என்பது விளங்கும். மூணாறு தேயிலை அந்தக் காலத்தில் போடி வழியாகத்தான் கீழே இறங்கியது. மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை குண்டளப் பள்ளத்தாக்கு ரயில் ஒன்று இருந்தது. 1902இல் ஒற்றைத் தண்டவாளத்தில் தொடங்கி, 1908இல் குறுகிய இருப்புப் பாதையானது. டாப் ஸ்டேஷனிலிருந்து தேயிலைப் பெட்டிகள் கம்பிவடத்தில் தொங்கிக்கொண்டு கொட்டகுடி அடிவாரத்துக்கு வந்துசேரும். அங்கிருந்து வண்டிகளில் போடி, பிறகு சமவெளி. 1924 ஜூலையில் வந்த பெருவெள்ளம் அந்த மலை ரயிலை அடித்துக்கொண்டு போனது, திரும்பக் கட்டவேயில்லை. நான்கு வருஷம் கழித்துக் கீழே போடிக்கு ரயில் வந்தபோது மேலே அதோடு சேர வேண்டிய ரயில் இல்லை. இரண்டும் ஒரே சமயத்தில் ஓடியிருந்தால் போடி இன்னொரு மேட்டுப்பாளையம் ஆகியிருக்கும். ஆனாலும் மலைச் சரக்கு போடியை விட்டுப் போகவில்லை. ஏலக்காய்க்கு ஸ்பைசஸ் போர்டின் மின்னணு ஏலம் இன்றும் போடியிலும் இடுக்கி மாவட்டத்துப் புத்தடியிலும்தான் நடக்கிறது.

ரயிலுக்கு ஆயுசு குறைவாகவே இருந்தது. இரண்டாம் உலகப் போரில் தண்டவாளத்துக்குப் பஞ்சம் வந்தபோது வருமானம் குறைந்த கிளைப் பாதைகளைப் பல இடங்களில் பிடுங்கினார்கள். போடிப் பாதையும் அதில் போனது. சுதந்திரத்துக்குப் பிறகு, 1950களில்தான் மீட்டர் கேஜாக மறுபடி தண்டவாளம் போட்டார்கள். ‘பழைய போடி ரயில்’ என்று பெரியவர்கள் சொல்வது இந்த இரண்டாம் பிறவியைத்தான்.

அந்த மீட்டர் கேஜ் ரயில் கடைசிக் காலத்தில் நொடித்துப் போனதற்குக் காரணம் பயணிகள் இல்லாததல்ல. சுற்றியிருந்த பாதைகள் ஒவ்வொன்றாக அகலப் பாதையாகிவிட்டன. மானாமதுரை–ராமேஸ்வரம் 2007இல் மாறியது. மீட்டர் கேஜுக்குத் தண்டவாள இடைவெளி 1,000 மில்லிமீட்டர், அகலப் பாதைக்கு 1,676. ஒன்றில் ஓடும் பெட்டி மற்றதில் ஏறாது. மதுரையைச் சுற்றி எல்லாம் அகலமான பிறகு போடி வண்டி அந்த 90 கிலோமீட்டருக்குள்ளேயே முன்னும் பின்னும் ஓடித் தேய்ந்தது. சென்னைக்குப் பெட்டி இணைக்க முடியாது, சரக்கு வேகன் நேராக உள்ளே வர முடியாது, வந்தால் மதுரையில் இறக்கி மாற்றி ஏற்ற வேண்டும். அந்தக் கூலிக்கு லாரியே மலிவு.

2010 டிசம்பர் கடைசியோடு மீட்டர் கேஜ் ஓட்டத்தை நிறுத்தினார்கள். பிறகு நடந்ததற்கு ஒப்பிட்டுப் பார்க்கப் பக்கத்திலேயே ஆள் இருக்கிறது. செங்கோட்டை–புனலூர் பாதையையும் அதே 2010இல்தான் மூடினார்கள். அங்கே நிஜமான மலை, குகைகள், பதிமூன்று கண் பாலம், எல்லாம் உண்டு. அது 2018இல் முழுதாகத் திறந்துவிட்டது. குகையே இல்லாத போடிப் பாதைக்குப் பன்னிரண்டரை வருஷம் ஆனது. பொறியியல் சிரமத்தைச் சொல்லி இதற்குச் சாக்கு தேட முடியாது. பல பட்ஜெட்டுகளில் பெயருக்கு ஒரு தொகை வைத்தார்கள், அந்தத் தொகையில் மண் வேலை அங்கே கொஞ்சம் இங்கே கொஞ்சம் என்று நகர்ந்தது. மண் கரையைக் கட்டிவிட்டு ஜல்லி போடாமல் இரண்டு மழைக்காலம் விட்டால் கரை அரித்து, பாதி வேலையைத் திரும்பச் செய்ய வேண்டியதாகிவிடும். துண்டு துண்டாகப் பணம் கொடுப்பதில் இருக்கும் உண்மையான நஷ்டம் இதுதான்.

திறந்ததும் துண்டு துண்டாகத்தான். மதுரை–உசிலம்பட்டி 37 கிலோமீட்டர் தயாராகி 2020 ஜனவரியில் ரயில்வே பாதுகாப்பு ஆணையரின் ஆய்வு முடிந்தது. உசிலம்பட்டி–ஆண்டிப்பட்டி 21 கிலோமீட்டருக்கு அதே வருஷம் டிசம்பரில் ஆய்வு. ஆண்டிப்பட்டி–தேனி 17 கிலோமீட்டருக்கு 2022 மார்ச்சில். 2022 மே 26 அன்று சென்னையில் நடந்த விழாவில் பிரதமர் மதுரை–தேனி 75 கிலோமீட்டரை நாட்டுக்கு அர்ப்பணித்தார். செலவு 500 கோடி ரூபாய்க்கு மேல் என்று அறிவிக்கப்பட்டது. மறுநாளிலிருந்து பயணிகள் ரயில். கடைசித் துண்டான தேனி–போடி 15 கிலோமீட்டரில் 2023 ஜூன் 15 அன்று வண்டி ஓடியது. உசிலம்பட்டி வரை பாதை தயாரான பிறகும் இரண்டு வருஷத்துக்கு மேல் அதில் ஒரு பயணிகள் வண்டிகூட விடவில்லை என்பதைக் கவனியுங்கள். உசிலம்பட்டிக்காரர்கள் ஆய்வு ரயில் போவதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கேஜ் மாற்றம் என்றால் இருக்கிற தண்டவாளத்தைக் கொஞ்சம் விலக்கி வைப்பது என்று பலர் நினைக்கிறார்கள். பழைய பாதையில் மிஞ்சுவது நிலம் மட்டும்தான். மண் கரையை அகலப்படுத்த வேண்டும், வளைவுகளை நீட்டி இளக்க வேண்டும், பாலங்களைப் புதிதாகக் கட்ட வேண்டும். தண்டவாளத்தைத் தாங்கும் குறுக்குக் கட்டையான கான்கிரீட் ஸ்லீப்பர் கிலோமீட்டருக்கு 1,660 என்பது இன்றைய வழக்கம். ஒன்று ஏறத்தாழ 270 கிலோ, ஒவ்வொன்றிலும் தண்டவாளத்தை இறுக்க நான்கு கிளிப். அதற்கு அடியில் சுமார் ஒரு அடி கனத்துக்கு ஜல்லி. இந்த ஜல்லி மெத்தைதான் வண்டியின் எடையைப் பரப்பி மண்ணுக்கு இறக்குகிறது, மழைத் தண்ணீரையும் வடித்துவிடுகிறது. ஜல்லிக்குள் மண் புகுந்து அடைத்துக்கொண்டால் தண்ணீர் நிற்கும், ஸ்லீப்பர் ஆட்டம் காணும், வேகக் கட்டுப்பாடு போடுவார்கள். பாதையோரம் குப்பை கொட்டாதீர்கள் என்று ரயில்வேக்காரர்கள் சத்தம் போடுவது இதற்காகவும்தான்.

இந்தப் பாதையில் கடினமான இடம் ஆண்டிப்பட்டிக் கணவாய். மதுரையிலிருந்து நாகமலையை ஒட்டிக்கொண்டு வடபழஞ்சி, வாலாந்தூர், உசிலம்பட்டி என்று வரும் வரை பெரும்பாலும் சமவெளி. உசிலம்பட்டி தாண்டியதும் ஏற்றம் தொடங்கும். கணவாயில் பாறையை வெட்டி அந்த வெட்டுக்குள் தண்டவாளம் போகிறது. மீட்டர் கேஜ் போன வெட்டு அகலப் பாதைக்குப் போதாது என்பதால் இரண்டு பக்கமும் பாறையை மேலும் உடைத்தார்கள். ஜன்னலோரம் உட்கார்ந்தால் கை நீட்டினால் எட்டும் தூரத்தில் துளை போட்ட தடம் தெரியும் பாறைச் சுவர் ஓடும், ரயிலின் சத்தம் அதில் மோதித் திரும்பி வரும். சட்டென்று வெளிச்சம் விரிந்து எதிரே மேற்குத் தொடர்ச்சி மலை நிற்கும். அழகான இடம், ஆனால் பராமரிப்பவர்களுக்குத் தலைவலி. புதிதாக உடைத்த பாறை நான்கைந்து மழைக்காலம் வரை கல் உதிர்க்கும். ஐப்பசி, கார்த்திகையில் இந்த வெட்டில் ரோந்து போவதும் தேவைப்பட்டால் வேகத்தைக் குறைப்பதும் சகஜம். ஆண்டிப்பட்டி தாண்டி வைகையைக் கடந்தால் தேனி.

அகலப் பாதையோடு வந்த இன்னொரு மாற்றம் லெவல் கிராஸிங். ஆளில்லா கேட்டுகளை மூடிவிட்டு அடியில் சுரங்கப்பாதை கட்டுவதுதான் இப்போதைய முறை. ரயிலுக்கு நல்லது, ஊருக்குப் பாதி நல்லது. வடிகால் சரியில்லாத சுரங்கப்பாதையில் ஒரு மழைக்கே முழங்கால் தண்ணீர் நிற்கும், வைக்கோல் ஏற்றிய டிராக்டர் உயரத்தில் மாட்டும். தேனி ஊருக்குள் நிலைமை வேறு. அங்கே கேட் போட்டால் இரண்டு பக்கமும் பஸ், லாரி, ஆட்டோ வரிசை கட்டிவிடும். ஒன்றிரண்டு வண்டிக்கே இந்தப் பாடு என்பதால் கூடுதல் ரயில் கேட்கும்போது மேம்பாலமும் சேர்த்துக் கேட்பதுதான் நியாயம்.

இனி வண்டிகள். பயணிகள் ரயில் 06701, 06702 என்ற எண்களில் முதலில் தேனி வரை தொடங்கியது, பிறகு போடிக்கு நீண்டது. மதுரையில் காலை எட்டு மணிக்கு மேல் கிளம்பிப் பத்தரை வாக்கில் போடி. போடியில் மாலை ஆறுக்குச் சற்று முன் கிளம்பி எட்டு மணிக்குள் மதுரை. வழியில் வடபழஞ்சி, உசிலம்பட்டி, ஆண்டிப்பட்டி, தேனி. முன்பதிவு கிடையாது. பூஜ்யத்தில் தொடங்கும் எண்கள் சிறப்பு ரயிலுக்கானவை, எப்போது வேண்டுமானாலும் மாற்றுவார்கள். அதனால் செயலியில் எண்ணைப் போட்டுத் தேடாமல் ஊர்ப் பெயர்களைப் போட்டுத் தேடுங்கள்.

இரண்டாவது, சென்னை சென்ட்ரல்–போடி எக்ஸ்பிரஸ், 20601/20602. மதுரையோடு நின்றுகொண்டிருந்த வாரம் மூன்று முறை வண்டியைத்தான் போடிக்கு நீட்டினார்கள். சென்னையிலிருந்து திங்கள், புதன், வெள்ளி இரவு பத்தரை வாக்கில். போடியிலிருந்து செவ்வாய், வியாழன், ஞாயிறு இரவு எட்டரை வாக்கில். இதில் ஜனங்கள் ஏமாறும் இடங்கள் சில உண்டு.

முதலாவது, ஸ்டேஷன். மதுரைப் பக்கத்து ஆட்களுக்குச் சென்னை என்றால் எழும்பூர். பாண்டியன், வைகை எக்ஸ்பிரஸ்கள் அங்கேதான் போகின்றன. போடி வண்டி சென்ட்ரலில் கிளம்புகிறது. திண்டுக்கல்லிலிருந்து திருச்சி பக்கம் போகாமல் கரூர், நாமக்கல், சேலம், காட்பாடி என்று சுற்றுகிறது. கரூர்–நாமக்கல்–சேலம் பாதை 2013இல்தான் பயணிகளுக்குத் திறந்தது. தாம்பரம், செங்கல்பட்டில் இறங்க வேண்டியவருக்கு இந்த வண்டி ஆகாது. அவர்கள் மாலைப் பயணிகள் ரயிலில் மதுரை வந்து, ஒன்பது மணிக்கு மேல் கிளம்பும் பாண்டியனைப் பிடிக்கலாம், நடுவில் சாப்பிடவும் நேரம் இருக்கும். ஆனால் வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்குப் போகிற தேனி மாவட்டத்துக்காரர்களுக்கு 20602 பெரிய வரப்பிரசாதம். படுத்துத் தூங்கி விடியற்காலையில் காட்பாடியில் இறங்கிவிடலாம், வண்டி மாற வேண்டியதில்லை.

அடுத்தது, டிக்கெட். 20 என்று தொடங்கும் எண் சூப்பர்ஃபாஸ்ட். பயணிகள் ரயிலுக்கு எடுத்த சாதாரண டிக்கெட்டை வைத்துக்கொண்டு இதில் ஏறினால் அபராதம். இரண்டாம் வகுப்புக்கு 15 ரூபாய் சூப்பர்ஃபாஸ்ட் கட்டணம் சேர்த்து எடுத்திருக்க வேண்டும். முன்பதிவு 60 நாளுக்கு முன் திறக்கிறது. முன்பிருந்த 120 நாள் 2024 அக்டோபரோடு போய்விட்டது, பொங்கல், தீபாவளிக்குப் பழைய கணக்கில் நாள் எண்ணாதீர்கள். தட்கல் ஏ.சி.க்குக் காலை 10, ஸ்லீப்பர் வகுப்புக்கு 11. இணையத்தில் எடுப்பதென்றால் 2025 ஜூலையிலிருந்து ஆதார் இணைத்த கணக்கு வேண்டும். அதைத் தட்கல் அன்று காலையில் செய்துகொள்ளலாம் என்று விட்டால் ஓடிபி வருவதற்குள் சீட்டு போய்விடும்.

மூன்றாவது, ஏறும் இடம். மதுரையில் இடம் கிடைக்காமல் போடியிலிருந்து டிக்கெட் போட்டு மதுரையில் ஏறுவது பலருடைய உத்தி. உத்தி சரிதான், ஆனால் சார்ட் (பயணிகளின் இறுதிப் பட்டியல்) தயாராகும் முன்பே ஏறும் ஸ்டேஷனை மதுரை என்று மாற்றிவிட வேண்டும். மாற்றாமல் விட்டால், போடியில் ஆள் வரவில்லை என்று டிக்கெட் பரிசோதகர் உங்கள் படுக்கையை, படுக்கை காலியாகக் காத்திருக்கும் ஆர்.ஏ.சி. ஆளுக்குக் கொடுத்துவிடலாம். அவர் செய்தது விதிப்படி சரி. மாற்றிய பிறகு போடியிலேயே ஏறலாமே என்று மனசு மாறினால் அதற்கும் உரிமை இருக்காது.

பயணிகள் ரயிலுக்கு இத்தனை சிக்கல் இல்லை. கவுண்டரிலோ ரயில்ஒன் செயலியிலோ எடுக்கலாம். 199 கிலோமீட்டர் வரையுள்ள முன்பதிவில்லா டிக்கெட்டில், எடுத்ததிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் அல்லது அந்த ஊருக்குப் போகும் முதல் ரயிலுக்குள், இதில் எது பிந்தையதோ அதற்குள் ஏறிவிட வேண்டும். செயலியில் எடுப்பவர்கள் ஸ்டேஷனுக்கு வெளியிலேயே எடுத்துவிடுங்கள். பிளாட்பாரத்தில் நின்றுகொண்டு முயன்றால் தூரக் கட்டுப்பாடு தடுக்கும், பிறகு அங்கே ஒட்டியிருக்கும் கியூஆர் கோடைத் தேடி ஓட வேண்டும். 2022இல் மதுரை–தேனிக்கு 45 ரூபாய் வாங்கினார்கள், அது கொரோனா காலத்து எக்ஸ்பிரஸ் கட்டணம். 2024 பிப்ரவரியில் நாடெங்கும் பயணிகள் ரயில்களுக்குப் பழைய சாதாரணக் கட்டணம் திரும்பி, குறைந்தபட்சம் மறுபடி 10 ரூபாயானது. பஸ்ஸோடு ஒப்பிட்டால் கால்வாசி, மூன்றில் ஒரு பங்குதான் ஆகும். மதுரையிலிருந்து தினமும் தேனி போகிற ஆசிரியர், வங்கி ஊழியர் மாத சீசன் டிக்கெட் எடுத்துவிட்டால் செலவு இன்னும் சுருங்கும்.

எங்கே இறங்குவது என்பதிலும் குழப்பம் உண்டு. வண்டி போடி வரை போகிறதே என்று குமுளி, தேக்கடி, சபரிமலை போகிறவர்கள் கடைசி வரை உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் தேனியில் இறங்க வேண்டும். கம்பம் ரோடு தேனியிலிருந்துதான் வீரபாண்டி, சின்னமனூர், உத்தமபாளையம் என்று பிரிகிறது. மேகமலைக்கும் சின்னமனூர் வழி, ஆகவே தேனிதான். தேனி ஸ்டேஷன் ஊருக்குள் இருக்கிறது, வெளியூர்ப் பஸ்கள் நிற்கும் பென்னிகுவிக் பஸ் ஸ்டாண்டு பைபாஸ் பக்கம். பையோடு நடக்காமல் ஆட்டோ பிடியுங்கள். வைகை அணைக்கு ஆண்டிப்பட்டி. போடிமெட்டு, பூப்பாறை, மூணாறு, குரங்கணி போகிறவர்களுக்கு மட்டும்தான் போடி. காமராசர் பல்கலைக்கழகத்துக்கு வடபழஞ்சியில் இறங்கலாம் என்றாலும் இந்த ஒரு வண்டியின் நேரம் வகுப்பு நேரத்துக்கு ஒத்து வந்தால்தான் பயன், இல்லையென்றால் டவுன் பஸ்ஸே மேல்.

ரயிலைத் தவறவிட்டால் மதுரை ஸ்டேஷனிலிருந்து ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விடுங்கள். தேனி, போடி, கம்பம் பஸ்கள் அங்கிருந்துதான். பெரியாரிலோ மாட்டுத்தாவணியிலோ தேடி நேரத்தைத் தொலைக்க வேண்டாம்.

இப்போது, காலை வண்டி ஏன் தலைகீழாக ஓடுகிறது? பெட்டித் தொடர் இரவு எங்கே படுக்கிறதோ அங்கிருந்துதான் காலையில் கிளம்பும். பெட்டியைக் கழுவ, தண்ணீர் நிரப்ப, பிரேக்கும் அச்சும் பார்க்க மதுரையில் எல்லா வசதியும் உண்டு. போடியில் இரவு நிறுத்த வேண்டுமென்றால் தனி லைன், தண்ணீர், காவல், ஓட்டுநருக்கும் கார்டுக்கும் ஓய்வறை எல்லாம் வேண்டும். இது செய்ய முடியாத காரியமல்ல, ஆனால் பணம் ஒதுக்க வேண்டிய காரியம். பணம் அதிகம் தேவைப்படாத ஒன்றும் இருக்கிறது. பத்தரைக்குப் போடி போய்ச் சேரும் வண்டி மாலை வரை ஏழு மணி நேரத்துக்கு மேல் சும்மா நிற்கிறது. பாதை ஒற்றை லைன்தான் என்றாலும் அந்த நேரத்தில் எதிரே பயணிகள் வண்டி எதுவும் வருவதில்லை. இரண்டேகால் மணி நேர ஓட்டத்தில் மதுரைக்கு ஒரு தரம் வந்து திரும்பப் போதுமான அவகாசம் அது. மதியம் மதுரை வந்து சேரும் ஒரு வண்டி இருந்தாலே ஆஸ்பத்திரிக்கும் சாமான் வாங்கவும் வருகிற கூட்டத்தில் பாதி ரயிலுக்கு மாறும்.

சென்னை வண்டியைத் தினசரியாக்குவது இதைவிடப் பெரிய கோரிக்கை, அதற்குக் கூடுதல் பெட்டித் தொடர் வேண்டும். திண்டுக்கல்லிலிருந்து வத்தலக்குண்டு, பெரியகுளம் வழியாகத் தேனிக்குப் புதுப் பாதை என்பது அதைவிடப் பழைய கோரிக்கை. காரணம் வரைபடத்திலேயே தெரியும். தேனியிலிருந்து சென்னை போகிறவர் 75 கிலோமீட்டர் மதுரைக்கு இறங்கி, அங்கிருந்து அறுபது கிலோமீட்டருக்கு மேல் வடக்கே ஏறித்தான் திண்டுக்கல்லைத் தொடுகிறார். பஸ்ஸில் அதே திண்டுக்கல் ஏறக்குறைய பாதி தூரம். தேனி, பெரியகுளம் பக்கம் ஆம்னி பஸ்கள் இன்றும் நிரம்பி ஓடுவதற்கு இந்தச் சுற்று ஒரு முக்கியக் காரணம்.

நான் சொன்ன நேரங்களை அப்படியே நம்பிக் கிளம்பாமல் முந்தின நாள் ரயில்வே விசாரணை எண் 139க்கு அழைத்தோ, ரயில் ஓட்டத்தைக் காட்டும் என்.டி.இ.எஸ். செயலியிலோ ஒரு தரம் பார்த்துக்கொள்ளுங்கள். மதுரை யார்டில் வேலை நடக்கும் நாள்களில் முதலில் ரத்தாவதோ பாதி வழியில் நிறுத்தப்படுவதோ இதுபோன்ற கிளைப் பாதை வண்டிகள்தான்.